குறை மெஷின்லதான்

இல்லம்மா, சத்தமாவே பேசு. எதுக்குக் குரலத் தாழ்த்துற? அவரு அங்க ஜன்னல் பக்கம் உக்காந்திருக்காரேன்னா? அவருக்குக் கேக்காது. கேட்டிருந்தா நான் எதுக்கு இத்தன நாள் அலையப் போறேன், நீ எதுக்கு இந்த வெயில்ல படியேறி வரப் போற? உக்காரு. அது வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி வா, இங்க உக்காந்தா காத்து வரும். பைய கீழ வை, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க.

இரு இரு, உன்ன நான் பாத்திருக்கேன். நீ அந்தக் கண்ணாடி ரூம் பொண்ணுதானே? ஆங், அதான பாத்தேன். குரல் கேட்டதும் தட்டுச்சு. மூஞ்சி மறந்தாலும் உன் குரல் எனக்கு மறக்காது. கம்பெனிலேர்ந்து ஆள் வரும்னு போன்ல சொன்னப்ப, யாராவது பைக்ல வந்து வாசல்லயே வாங்கிட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சேன். ஓ, காதுலேர்ந்து கழட்டி, நம்பர் சரி பாத்து எடுக்கணுமா? அதுக்குப் படிச்சவங்கதான் வரணுமா? சரி சரி. நல்லதாப் போச்சு. வேற யாராவது வந்திருந்தா எனக்குப் பேச்சே வந்திருக்காது.

டப்பா இதோ இருக்கு. பில்லு உள்ள. சுத்தம் பண்ற சின்ன பிரஷ்ஷு, பேட்டரி அட்டை, எல்லாம் அப்படியே இருக்கு. டப்பாவத் தூக்கிப் போட்டா பாதி நியாயம் போச்சுன்னு கீழ் வீட்டு டெய்லரம்மா சொல்லிட்டாங்க, பீரோவுல நகை மாதிரி வச்சிருந்தேன். மெஷினா? மெஷின் அவரு காதுலதான் இருக்கு. எடுத்துக்கலாம், எங்க ஓடிடப் போவுது? முதல்ல ஒரு வாய் டீ குடி. வேண்டாம்லாம் சொல்லக் கூடாது. அடுப்பு இதோ பக்கத்துலதான், நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போட்டுடுவேன். பேசுறதும் போடுறதும் எனக்கு ஒரே வேலதான்.

அவருக்கு எப்படிக் காது போச்சுன்னு உன்கிட்ட சொல்லியிருக்கோமா? பட்டறைம்மா. தகடு வெட்டுற பட்டறை. பெரிய பிரஸ் மெஷின் நாள் பூரா டமார் டமார்னு விழும். காதுல பஞ்சு வைங்கன்னு சொல்லுவேன், வச்சா மேஸ்திரி கூப்பிடுறது கேக்காதுன்னுவாரு. மேஸ்திரி கூப்பிட்டது எல்லாத்தையும் கேட்டாரு மனுஷன். வேலையவிட்டு வந்தப்ப பாதி போயிருந்துச்சு. அப்புறம் மீதியும் கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. முதல்ல காலிங் பெல்லு. அப்புறம் டிவி. அப்புறம் நானு.

காது போனவங்களுக்குப் பேச்சும் கொறஞ்சுடும்னு நீதானே சொன்ன அன்னிக்கு? ரொம்ப சரி. முதல்ல எல்லாம், என்ன சொன்னன்னு திருப்பிக் கேப்பாரு. நானும் கிட்டப் போய்க் கத்துவேன். கத்துனா அது என் பேச்சு மாதிரியே இருக்காதும்மா. உப்பு போதுமான்னு கேக்குறதக் கூட சண்டைக்குப் போற மாதிரி கேட்டா, கேக்குறவங்களுக்கும் அலுப்பு, சொல்றவளுக்கும் அலுப்பு. அப்புறம் அவரு திருப்பிக் கேக்குறத விட்டுட்டாரு. நான் கை ஜாடை பழகிக்கிட்டேன். தட்டக் காட்டுனா சாப்பாடு. குடையக் காட்டுனா மழை. அதுல எனக்கு வருத்தமே இல்ல, சத்தியமா. காது கேக்கல, பேசல. அதுல ஒரு நியாயம் இருக்குல்ல? எங்கயோ ஒரு கம்பி அறுந்துருக்கு, அதனால விளக்கு எரியல. அவ்வளவுதானே.

சக்கர எவ்வளவு போடட்டும்? சரி, கம்மியாவே போடுறேன். இந்தக் காலத்துப் பொண்ணுங்க எல்லாம் சக்கரைன்னா பாம்பப் பாத்த மாதிரி பயப்படுறீங்க.

பெரியவதான் விடல. என் மூத்த பொண்ணு. அவளுக்கு அப்பான்னா உசிரு. கம்ப்யூட்டர்ல பாத்து பாத்து, இதுதான் நல்லதுன்னு முடிவு பண்ணி, தம்பிகிட்டயும் பாதி வாங்கி, உங்க கடைக்கே கூட்டிட்டு வந்தா. காதுக்குள்ள மாவு மாதிரி எதையோ வச்சு அச்சு எடுத்தாங்களே, அப்ப அவரு சின்னப் புள்ள மாதிரி அசையாம உக்காந்திருந்தாரு. எனக்கு என்னமோ ஆயிடுச்சு. கடவுளே, இந்தக் காதுக்குள்ள என் குரல் ஒரு தடவ போய்ச் சேரட்டும், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்னு அங்கயே கண்ண மூடி வேண்டிக்கிட்டேன்.

மெஷின் மாட்டிட்டு வீட்டுக்கு வந்தோம். பொண்ணு இறக்கிவிட்டுட்டுப் போயிட்டா. ரெண்டு பேர்தான் வீட்டுல. நான் சொல்றத நீ சிரிக்காமக் கேக்கணும். முதல்ல என்ன சொல்லலாம்னு வர்ற வழியிலயே யோசிச்சு வச்சிருந்தேன். கல்யாணப் பொண்ணு மாதிரி. சாப்பிட வாங்கன்னு சொல்லலாமா? அது தினம் சொல்றது. என் குரல் கேக்குதான்னு கேக்கலாமா? அது கடைக்காரங்க கேக்குற மாதிரி இருக்கு. கடைசில, அவரு செருப்பக் கழட்டிட்டு நிக்கும்போது, மெதுவா, கத்தாம, என்னோட சொந்தக் குரல்ல, அசதியா இருக்கான்னு கேட்டேன்.

பதில் இல்ல. நேரா போய் அந்த ஜன்னல் பக்கம் உக்காந்துட்டாரு. இப்ப உக்காந்திருக்காரே, அதே எடம்தான்.

புதுசு, பழகணும்னு நினைச்சேன். நீங்களும் அப்படித்தானே சொல்லி அனுப்புனீங்க, மூளைக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும்னு? விட்டேன். ஆனா பாரும்மா, எனக்கு ஒரு விஷயம் இடிச்சுது. பாத்ரூம் குழாய் சொட்டுனா எழுந்து போய் மூடுறாரு. எதிர் வீட்டுக்காரன் ஸ்கூட்டர உதைச்சா மூஞ்சியச் சுளிக்கிறாரு. பெரியவ போன் பண்ணா, ம், சரி, வைன்னு மூணு வார்த்த வருது. குழாய் கேக்குது, ஸ்கூட்டர் கேக்குது, போன் கேக்குது. நான் பேசுனா மட்டும் சுவரு. அப்ப என்ன அர்த்தம்? மெஷின் கோளாறு. ஒரு சத்தத்த எடுக்குது, ஒரு சத்தத்த விட்டுடுது. அப்படி இருக்கும்ல? ரேடியோவுல ஒரு ஸ்டேஷன் எடுக்கும், ஒரு ஸ்டேஷன் எடுக்காது, அந்த மாதிரி. நீ படிச்சவ, நீ சொல்லு. இருக்காதா?

தலைய இப்படியும் ஆட்டாம அப்படியும் ஆட்டாம ஆட்டுற. பரவாயில்ல. உன் வேலைக்குக் கஷ்டம் வரக் கூடாது.

உங்க கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு ஒரு பொம்பள சொல்லிக்கிட்டே இருந்தா. நான் அவள நிஜப் பொம்பளன்னு நினைச்சு, அம்மா, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்கன்னு கெஞ்சிக்கிட்டு இருந்தேன். பெரியவ பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. பதிவு பண்ண குரலாம். எனக்குப் பழக்கம்தானே, பதில் சொல்லாத ஆளுகிட்ட பேசுறது.

அப்புறம் நிஜ ஆள் வந்தாங்க. காதுக்குன்னு அச்சு எடுத்துச் செஞ்ச பொருள திருப்பி எடுக்க மாட்டோம், அது விதியில இருக்குன்னு சொல்லிட்டாங்க. அது சரிதான், இன்னொருத்தர் காதுல மாட்ட முடியாதே. பெரியவளும், விடும்மா, திருப்பி எடுக்க மாட்டாங்கன்னு போட்டிருக்கு, நான்தான் பாக்காம விட்டுட்டேன்னா. நானும் விட்டிருப்பேன். டெய்லரம்மாதான் விடல. அவங்க ஒரு பிரிட்ஜுக்காக நுகர்வோர் மன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சவங்க, அந்தப் பெருமை இன்னும் போகல. பிளவுஸுக்கு அளவு எடுக்குறப்ப எல்லாம் அந்தக் கதைதான். அவங்க சொன்னாங்க, அக்கா, மனசு மாறித் திருப்பித் தர்றது வேற, பொருள்ல குறை இருந்து திருப்பித் தர்றது வேற. மனசு மாறுனா அவங்க விதி. குறை இருந்தா நம்ம உரிமை. கோளாறா இருக்குறதக் குடுத்துட்டு திருப்பி எடுக்க மாட்டோம்னு பில்லுல அச்சடிச்சுட்டா மட்டும் அது சட்டம் ஆயிடாது. வாயால சொல்லாதீங்க, எழுதிக் குடுங்க. எழுதிக் குடுத்ததுக்கு ஒரு நம்பர் வாங்குங்க. பதில் வரலன்னா மன்றத்துக்குப் போங்க, வக்கீல் கூட வேண்டாம், நீங்களே நின்னு பேசலாம்.

நானே நின்னு பேசலாம்! நான் பள்ளிக்கூடத்துல கூட எழுந்து நின்னு பதில் சொன்னதில்ல. ஆனா குறைன்னு ஒரு வார்த்த சொன்னாங்க பாரு, அது என்னைப் பிடிச்சுக்கிச்சு. பொருள்ல குறை. அப்படி ஒண்ண நிரூபிச்சுட்டா, வேற எதுலயும் குறை இல்லன்னு ஆயிடும்ல?

இந்தா, டீ. சூடு, பாத்து. பிஸ்கட்டும் எடுத்துக்க.

அப்புறம்தான் நீங்க பரிசோதனைக்குக் கூப்பிட்டீங்க. அந்தக் கண்ணாடி ரூம். உனக்கு அது தினம் நடக்குற வேல, மறந்திருப்ப. எனக்கு அப்படியே நிக்குது. அவர உள்ள உக்கார வச்ச. நீ வெளிய மைக்கு முன்னாடி உக்காந்து, வாயைக் கையால மறைச்சுக்கிட்டு, மெதுவா மெதுவா ஒவ்வொரு வார்த்தையா சொன்ன. மரம்னு சொன்ன. உள்ளேர்ந்து ஸ்பீக்கர்ல மரம்னு வந்துச்சு. கதவுன்னு சொன்ன. கதவுன்னு வந்துச்சு. தண்ணி. தண்ணி. நெல்லு. நெல்லு. நான் பின்னாடி ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். அவரு குரலும்மா. கொஞ்சம் கரகரன்னு, முடியுற எடத்துல லேசா இழுத்து. எத்தன காலம் கழிச்சுக் கேக்குறேன். நீ திரும்பிப் பாத்து, ஏம்மா அழறீங்க, எல்லாம் சரியாத்தான் சொல்றாரு, சந்தோஷப்படுங்கன்னு சொன்ன. நான் முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, தூசின்னு சொன்னேன். அந்த ரூம்ல ஏது தூசி?

நீ நல்ல பொண்ணு. மெஷின் நல்லா வேல செய்யுதும்மான்னு பக்குவமாத்தான் சொன்ன. நான்தான் ஒத்துக்கல. அது கண்ணாடி ரூம், என் வீடு கண்ணாடி ரூமா, இங்க மிக்ஸி ஓடும், தெருவுல வண்டி ஓடும், உன் குரல் சின்ன வயசுக் குரல், என் குரல் கரகரத்த குரல்னு என்னென்னவோ சொன்னேன். நீ கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணுல தட்டித் தட்டி, இப்ப உங்க குரலுக்குன்னே சரி பண்ணியிருக்கேன்னு சொல்லி அனுப்புன. என்ன நிக்க வச்சுப் பேசச் சொல்லி, என் குரல அளந்த. எனக்காக இவ்வளவு நேரம் செலவழிச்ச ஆளு நீ ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்தோம். அதே ஜன்னல். அதே சுவரு.

அதனால மன்றத்துக்குப் போனேன். பெரிய ஹால், மேல பழைய ஃபேன், சுத்தும்போது ஒரு பக்கம் தேயுற சத்தம். சுவத்துல ஒரு பலகை, அதுல நம்ம உரிமை எல்லாம் வரிசையா எழுதியிருந்துச்சு. கூப்பிடுற வரைக்கும் வேற என்ன வேல, அதையே படிச்சுக்கிட்டு இருப்பேன். பாதுகாப்பு, தகவல், பிடிச்சதத் தேர்ந்தெடுக்குறது. அதுக்குக் கீழ ஒண்ணு இருந்துச்சு. நம்ம குறைய நாம சொன்னா, அடுத்தவங்க அதக் காது குடுத்துக் கேட்டாகணுமாம். அது உரிமையாம். நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். எனக்கு இது தெரியவே தெரியாதும்மா. நாலு பொருள் வாங்குன பில்லு கையில இருந்தா, அத வச்சுக்கிட்டு ஒருத்தரக் கேக்க வைக்கலாம். பில்லு இல்லாம வாழ்ந்துட்டோம் பாரு நாங்க எல்லாம்.

உள்ள கூப்பிட்டாங்க. உங்க வக்கீல் கருப்புக் கோட்டுல வேர்த்து ஊத்திக்கிட்டு வந்தாரு. நல்ல மனுஷன்தான், என்ன அம்மான்னுதான் கூப்பிட்டாரு. தீர்ப்பு சொல்ற பெரியவர் ஒருத்தர் நடுவுல உக்காந்திருந்தாரு. முதல்ல சமரசம் பேசிப் பாருங்கன்னு எங்கள ஒரு சின்ன ரூமுக்கு அனுப்புனாங்க. ஒரு மேஜை, எதிர் எதிர நாற்காலி, நடுவுல ஒரு அம்மா. அந்த அம்மா சொன்னாங்க, இங்க யாரும் கத்தக் கூடாது, ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் குறுக்க பேசக் கூடாது, ஆனா பதில் கட்டாயம் சொல்லணும், மௌனமா இருந்தா சமரசம் ஆகாதுன்னு. எனக்கு அந்த ரூம் அவ்வளவு பிடிச்சுப் போச்சு. அந்த ரூம அப்படியே பேத்து எடுத்துட்டு வந்து இந்த வீட்டுக்குள்ள வச்சுட மாட்டோமான்னு இருந்துச்சு. அந்த நடுவுல உக்காந்த அம்மாவையும் சேத்துத்தான்.

உங்க வக்கீல் புதுசா வேற மெஷின் தர்றோம்னாரு. நான் வேண்டாம்னேன். சரி செஞ்சு தர்றோம்னாரு. என்னத்த சரி செய்வீங்க, குறை இருக்குன்னு ஒத்துக்கிட்டாத்தானே சரி செய்யலாம்னேன். அந்த ரூம்ல இருந்தவங்களுக்கே நான் ஒரு பெரிய வக்கீல் மாதிரி தெரிஞ்சிருப்பேன். அவங்களுக்கு என்ன தெரியும், எனக்கு அந்த மெஷின் மேல தப்பு இருந்தே ஆகணும்.

சமரசம் ஆகல. அப்புறம் மன்றம் தன் ஏற்பாட்டுல வேற ஒரு லேபுக்கு அனுப்புச்சு. நாங்க சொன்னத யாரும் கேக்கலன்னு நான் சொல்லிடக் கூடாதுன்னு. அங்கயும் அதே மாதிரி ரூமு, அதே மாதிரி பீப் பீப். ரிப்போர்ட் வந்துச்சு. குறை ஏதும் இல்லை. மூணே மூணு வார்த்த. பெரியவர் அத வாசிச்சுட்டு, என்னம்மா சொல்றீங்கன்னு என்னையப் பாத்தாரு. இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க ஐயான்னேன். அவரு கண்ணாடியக் கழட்டிட்டு, ஏம்மா, உங்களுக்குப் பணம்தானே வேணும்னாரு. ஆமான்னு தலைய ஆட்டுனேன். வேற என்னன்னு சொல்றது அந்த ஹால்ல, அத்தன பேர் நடுவுல?

நேத்து உங்க கம்பெனிலேர்ந்து பெரியவளுக்குப் போன். இந்த அம்மா விட மாட்டாங்க போல, வாய்தா மேல வாய்தா போனா எங்களுக்குத்தான் செலவு, பணத்த முழுசாத் திருப்பிக் குடுத்துடுறோம், மெஷின வாங்கிக்கிறோம், கேஸ வாபஸ் வாங்கிக்கச் சொல்லுங்கன்னு. பெரியவ துள்ளிக் குதிச்சா. அம்மா, நீ ஜெயிச்சுட்ட, ஒரு கம்பெனியவே மண்டி போட வச்சுட்டன்னா. டெய்லரம்மா ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க, கழுத்துல இன்ச் டேப்பு, அது என் கண்ணுல குத்துச்சு. கண்ணு கலங்குறதுக்கு ஒரு சாக்கு கெடச்சுது.

அந்தப் பேப்பரக் காட்டு. நானே படிக்கிறேன், கண்ணாடி இங்கதான் இருக்கு. ம். ம். பொருளில் குறை ஏதும் இல்லாத நிலையிலும், நல்லெண்ண அடிப்படையில். நல்லெண்ணம். அழகா எழுதியிருக்காங்க. இதுல அந்த முதல் வரிய மட்டும் மாத்த முடியுமாம்மா? பொருளில் குறை இருந்ததால்னு. பணம் கூட வேண்டாம். பணத்த நீங்களே வச்சுக்கங்க, எழுதித் தர்றேன். குறை இருந்ததுன்னு ஒரே ஒரு வரி, உங்க கம்பெனி முத்திரையோட. நான் யாருக்கும் காட்ட மாட்டேன், பீரோவுல வச்சுக்குவேன்.

முடியாதா. தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன். நீ என்ன பண்ணுவ பாவம், மேல இருக்கறவங்க எழுதுறது. அழாத, நீ எதுக்குக் கண்ணக் கசக்குற? உனக்குப் புரிஞ்சுடுச்சா? அன்னிக்கே புரிஞ்சிருக்கும் உனக்கு, என் குரல அளந்த அன்னிக்கே. நீதான் சொல்லல.

எங்களுக்குள்ள சண்டையா? இல்லம்மா. அதத்தான் நானும் தேடித் தேடிப் பாக்குறேன். சண்ட இருந்தாத் தேவலையே, சமாதானம்னு ஒண்ணு வரும்ல? கை நீட்டுனதில்ல, குடிச்சதில்ல, சம்பளக் கவரப் பிரிக்காமக் கொண்டு வந்து குடுத்த மனுஷன். நான்தான் வாயாடி. காலைல எழுந்ததுலேர்ந்து ராத்திரி விளக்கணைக்கிற வரைக்கும் எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பேன், பாக்குறல்ல. பட்டறையில அந்த டமார் டமார், வீட்டுக்கு வந்தா நான். காது போனப்ப ஒருவேள அப்பாடான்னு இருந்திருக்கும். நாங்க போய்ப் புள்ளைங்க காச செலவழிச்சு அந்த அப்பாடாவப் பிடுங்கிட்டோம். இப்படித்தான் இருக்கும்னு நானா நினைச்சுக்கிறேன். அவரு சொன்னாத்தானே தெரியும்.

கடவுள்கிட்ட சொல்லியிருக்கேன். அவரும் பதில் சொல்ல மாட்டாருதான், ஆனா அது வேற. கடவுளுக்கு நான் சட்டைக்கு பட்டன் தைச்சுக் குடுக்கல. காய்ச்சல்ல கெடந்தப்ப கடவுள் தலைய மடியில வச்சுக்கிட்டு முழிச்சிருக்கல. அவரு பேசலன்னா நான் கோவிச்சுக்க முடியாது. கேட்டுக்கிட்டு இருக்காருன்னு நம்பிக்கை மட்டும் போதும். இங்கதான் அந்த நம்பிக்கை உண்மையாயிடுச்சு, அதத் தாங்க முடியல.

டீ எப்படி இருக்கு? நல்லாயிருக்கா? தூள் நல்ல தூள். போன வாரம் வாங்குனது. நான் வாங்கல. அந்த லேபு ரிப்போர்ட் வந்ததுக்கு அப்புறம் ஒரு நாள், இங்க இதே அடுப்புகிட்ட, அந்தப் பக்கம் முதுகக் காட்டி நின்னுக்கிட்டு, எனக்குள்ளயே முணுமுணுத்தேன், டீத்தூள் தீந்துடுச்சே, கால் வேற வலிக்குது, கடைக்கு யார் போறதுன்னு. உன் மைக்குல கூட விழுந்திருக்காது, அவ்வளவு சன்னமா. கொஞ்ச நேரத்துல கதவு திறந்து மூடுற சத்தம். அப்புறம் படியேறி வர்ற சத்தம். இந்த மேடை மேல, இதோ இங்க, பாக்கெட்ட வச்சாரு. நான் எப்பவும் வாங்குற அதே தூள். வச்சுட்டு ஒரு வார்த்த இல்லாம ஜன்னலுக்குப் போயிட்டாரு. நான் அந்தப் பாக்கெட்டக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அதுக்கு அப்புறமும் மன்றத்துல போய், இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க ஐயான்னு கேட்டவ நான்.

சரி, உனக்கு நேரமாச்சு. கையெழுத்து எங்க போடணும்? இங்கயா, இந்தக் கோட்டுலயா? பேனா குடு. அடுத்த பக்கத்துலயுமா. ஆச்சு.

நீ போய் மெஷின வாங்கிக்க. காலைல நான்தான் புது பேட்டரி போட்டு மாட்டிவிட்டேன், நல்லா ஓடும், நீ சோதிச்சுப் பாக்குறதுன்னா பாத்துக்க. இல்லம்மா, நான் கேட்டா தர மாட்டாரு, நீயே கேளு. உன் குரலுக்கு பதில் சொல்லுவாரு. எதுக்கு வந்திருக்கன்னு விளக்கிச் சொல்லிக்கிட்டு நிக்காத. நீ வந்ததுலேர்ந்து நாம பேசுனது எல்லாம் ஒண்ணு விடாம அவரு கேட்டுக்கிட்டுத்தானே இருக்காரு. எடுத்துட்டுப் போகாத, இருக்கட்டும்னு ஒரு வார்த்த, என்கிட்ட கூட இல்ல, உன்கிட்டயாவது சொல்லிட மாட்டாரான்னுதான் உன்ன இவ்வளவு நேரம் உக்கார வச்சேன்.

சொல்லல. போம்மா. டப்பாவ மறந்துடாத.